ஏலாதென்று சொல்ல ஏலாதவன்

எங்கள் பக்கத்தில் "ஏலாது" என்ற சொல்லைக் கொஞ்சம் பார்த்துத்தான் பயன்படுத்த வேண்டும். கடன் கேட்டு வருகிறவனிடம் சொல்லலாம், அதில் ஒரு பிழையும் இல்லை. சோழகக் காற்று அடிக்கிற நாளில் பிள்ளை கடலில் குளிக்கப் போகக் கேட்டால் சொல்லலாம். ஆனால் ஒரு மனிதன் தன்னைப் பற்றி "எனக்கு ஏலாது" என்று சொல்லிவிட்டால் எங்கள் ஊரான பள்ளிமுனையில் அதற்குக் கருத்து வேறு. ஆள் பாயில் விழுந்துவிட்டான், பங்குச் சுவாமியைக் கூப்பிட்டுக் கடைசி எண்ணெய் பூசுவிக்கிற நேரம் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். பக்கத்து வீட்டுக்காரி அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வருவாள். கோயில் மணி அடிக்கிறவர் தன் நல்ல சட்டையைத் தேடத் தொடங்குவார்.

அதனால் நாங்கள் வேறு சொற்களை வைத்துச் சமாளிக்கிறோம். கால் முறிந்தவன் "கொஞ்சம் நொண்டுது" என்பான். என்னுடைய சித்தப்பா ஒருவர் நெடுநாள் படுக்கையில் கிடந்தார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் "சும்மா சரிஞ்சு கிடக்கிறன்" என்றுதான் சொன்னார். சரிந்தபடியே போயும் சேர்ந்தார்.

இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால், ஒரு கை பாதி போன மனிதன் மருத்துவர் முன்னால் கதிரையில் இருந்துகொண்டு, தன் கை அருமையாக வேலை செய்கிறது என்று சாதித்ததை நீங்கள் நம்பமாட்டீர்கள். அந்த மனிதன் நான்தான்.

நான் மன்னார் பட்டினத்தில் ஓர் ஐஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்து, படகில் ஏறினால் வாந்தி எடுக்கிறவனுக்கு வேறென்ன தொழில் கிடைக்கும்? மீனைப் பிடிக்கத்தான் முடியவில்லை, அதைக் குளிரவைக்கவாவது செய்யட்டும் என்று என் தகப்பன் கொண்டுபோய் விட்டார். பெரிய ஐஸ் கட்டிகளைக் கொழுக்கியால் இழுத்து வந்து அரைக்கும் இயந்திரத்தின் வாயில் தள்ளுவது என் வேலை. கிறஷர் என்போம். அது கட்டியைக் கடித்து நொறுக்கி மறுபக்கத்தால் கொட்டும். கொழும்புக்கு மீன் கொண்டுபோகிற கூலர் லொறிக்காரர் கூடை கூடையாக அள்ளிக்கொண்டு போவார்கள்.

ஒரு நாள் கட்டியொன்று கிறஷரின் வாயில் குறுக்காகச் சிக்கிக்கொண்டது. கொழுக்கியால் குத்திப் பார்த்தேன், அசையவில்லை. வெளியே லொறிகள் ஹோர்ன் அடித்தபடி நின்றன. சுவிட்ச் மறுபக்கச் சுவரில் இருந்தது. அந்த வாய்க்கு முன்னொரு காலம் ஒரு கம்பி மூடி இருந்தது. அது துருப்பிடித்து விழுந்தபிறகு, புது மூடி எப்போதும் நாளைக்கு வருவதாகவே இருந்தது. நான் கையால் ஒரு தள்ளுத் தள்ளினேன். கட்டி உள்ளே போனது. கையும் கொஞ்சத் தூரம் கூடவே போய்ப் பார்த்தது.

வலது கையில் சுட்டுவிரல் பாதியோடு போய்விட்டது. நடுவிரலும் மோதிரவிரலும் மிஞ்சின. ஆனால் உள்ளே நரம்பு அறுந்து போனதால், தைத்து ஆறிய பிறகும் அவை மடங்க மறுத்துவிட்டன. கோயிலில் நிற்கிற சுரூபத்தின் ஆசீர்வாதக் கை மாதிரி எந்நேரமும் நீட்டிக்கொண்டே நின்றன. தெருவில் தெரிந்தவரைக் கண்டு நான் கையை உயர்த்தினால், என் மனைவியின் தம்பி உடனே தலையைக் குனிந்து சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வான்.

அந்தத் தம்பியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவன் ஆட்டோ ஓட்டுகிறவன். அரசாங்கக் கந்தோர் வாசல்களில் ஆட்களை இறக்கி ஏற்றியே சட்டம் படித்தவன். வேலையில் காயப்பட்டவனுக்கு நட்டஈடு உண்டு என்பதை எனக்குச் சொன்னதும், தொழில் கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போனதும் அவன்தான். அந்தச் சட்டத்தில் மனித உடம்பைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பெருவிரலுக்கு ஒரு மதிப்பு, சுட்டுவிரலுக்கு அதைவிடக் குறைவு, மற்ற விரல்கள் அதற்கும் கீழே. வீட்டுக்கு வந்து இதை விளக்கிவிட்டு அவன் என்னை மிகவும் வருத்தத்தோடு பார்த்தான்.

"அத்தான், நீங்கள் கொஞ்சம் யோசிச்சு விட்டிருக்கலாம். பெருவிரலை விட்டிருந்தால் கதை வேற."

"அடுத்தமுறை உன்னைக் கேட்டுப்போட்டு விடுறன்" என்றேன்.

செய்தி பரவிவிட்டது. பின்னேரங்களில் எங்கள் வாசல் படலையடியில் ஆட்கள் கூடித் தங்கள் தங்கள் உறுப்புகளை மதிப்பிடத் தொடங்கினார்கள். எங்களோடு வருசக்கணக்காகப் பேசாமல் இருந்த ஒருவர் தன் காதைக் காட்டி இதற்கு என்ன வரும் என்று விசாரித்தார். கடலில் திருக்கை குத்தி ஒரு பாதத்தில் உணர்ச்சி கெட்டுப்போன இன்னொருவர், தனக்கும் ஏதாவது கிடைக்குமோ என்று கேட்டார். "திருக்கைக்கு முதலாளி ஆரெண்டு சொல்லுங்கோ, நாளைக்கே நோட்டீஸ் அனுப்புவம்" என்றான் மைத்துனன்.

ஆனால் என் விசயத்தில் ஒரு சிக்கல் இருந்தது. போன துண்டுக்குச் சட்டத்தில் கணக்கு இருக்கிறது. இருந்தும் வேலை செய்யாத விரல்களுக்கு அப்படி இல்லை. கை எவ்வளவு கெட்டுப்போயிருக்கிறது என்பதை மருத்துவர் சோதித்து எழுத வேண்டும். அவர் எழுதுவதை வைத்துத்தான் மற்றதெல்லாம்.

அதற்கிடையில் முதலாளி என்னைப் பார்க்க வந்தார். கெட்ட மனிதர் இல்லை. ஒரு சீப்புக் கதலிப்பழமும் ஒரு பெட்டி பிஸ்கட்டும் கொண்டுவந்திருந்தார். கதிரையின் நுனியில் இருந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டு விசயத்துக்கு வந்தார்.

"உம்மட இடத்துக்கு நான் இன்னும் வேற ஆளைப் போடேல்லை. கை சரியெண்டு டொக்டர் எழுதினால் வந்து பழையபடி கிறஷரைப் பாரும். ஏலாதெண்டு எழுதினால் நட்டஈட்டையும் தந்து, படலையில காவலுக்கு இருக்கிற மாதிரி ஒரு வேலையும் தாறன். ரெண்டில எதெண்டு டொக்டர் சொல்லட்டும்."

நியாயமான பேச்சுத்தான். அவர் போனதும் என் மனைவி குசினிக்குள்ளிருந்து வந்தாள்.

"இஞ்சேருங்கோ, அந்த மெஷினுக்குக் கிட்ட இனி நீங்கள் போகக்கூடாது. கொழுக்கியைப் பிடிக்காத கையோட போய், மிச்சத்தையும் குடுத்துப்போட்டு வரப்போறியளோ? டொக்டரிட்ட உள்ளதைச் சொல்லுங்கோ. ஏலாதெண்டு சொல்லுங்கோ."

"எனக்கென்ன ஏலாமலோ கிடக்கு?" என்றேன் நான். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் வீம்புக்கு மட்டும் அப்படிச் சொல்லவில்லை. கை திரும்பி வருகிறது என்று உண்மையிலேயே நம்பினேன். அதற்கு என்னிடம் ஆதாரங்கள் இருந்தன. முதல் கிழமைகளில் சட்டை பூட்டுவது பெரிய பாடாக இருந்தது. பிறகு பெருவிரலாலும் சின்னவிரலாலும் தள்ளித் தள்ளிப் பார்த்ததில் பொத்தான்கள் வெண்ணெய்க்குள் போவதுபோலப் போகத் தொடங்கின. பற்பசை மூடி தொட்டாலே கழன்றது. தண்ணீர் வாளியைத் தூக்கினேன், ஒரு துளி சிந்தாமல் கொண்டுபோனேன். எல்லாவற்றுக்கும் மேலாக, மீன்.

எங்கள் ஊரில் ஒருவனுடைய கைப்பக்குவத்தை மீன் சாப்பிடுகிற விதத்தில்தான் பார்ப்பார்கள். அதிலும் சூடை மீன். சின்ன மீன், மயிர் மாதிரி முள். வெளியூர்க்காரர் சூடையைக் கண்டால் சோற்றை ஒதுக்கிவிட்டுத் தண்ணீர் குடிப்பார்கள். நான் அந்த நாலரை விரலையும் வைத்துக்கொண்டு சூடைக் குழம்பும் சோறும் பிசைந்து வெளுத்துக் கட்டினேன். ஒரு முள்ளாவது தொண்டையில் குத்தியதில்லை. படலையடியில் இதைப் பற்றி நான் பேசிய பேச்சுக் கொஞ்சமில்லை. கேட்டவர்கள் தலையாட்டினார்கள்.

ஒரே ஒரு விசயம்தான் இடித்தது. ஒரு நாள் மைத்துனனின் ஆட்டோவில் கிடந்த இரும்புக் கம்பியொன்றைக் கொழுக்கி பிடிப்பதுபோலப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். அது கையிலிருந்து வழுவி என் காலில் விழுந்தது. வியர்வை என்று நினைத்துக்கொண்டேன். மன்னாரில் எந்த மாதமும் வியர்வை மாதந்தானே.

சோதனைக்கு நாள் வந்தது. மைத்துனன் அதற்கு முதல்நாளே என்னைப் பிடித்து முற்றத்தில் இருத்திப் பழக்கத் தொடங்கினான். அவன் வருசா வருசம் பாஸ்கு நாடகத்தில் உரோமைச் சேவகனாக நடிப்பவன். ஆண்டவரைச் சாட்டையால் அடித்துச் சிலுவை சுமக்க வைத்த அனுபவம் இருந்ததால், வேதனை எப்படியிருக்க வேண்டும் என்பதில் அவனுக்கு உறுதியான கருத்துகள் இருந்தன.

"கோப்பையைத் தூக்குங்கோ. பாதியில கை நடுங்கவேணும். பிறகு விழவேணும். விழுந்தாப்போல குனிஞ்சு அதைப் பாக்கவேணும், ஒண்டும் பேசப்படாது."

நான் கோப்பையைப் பெருவிரலுக்கும் உள்ளங்கைக்கும் இடையில் கொடுத்துத் தூக்கி, தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுக் கீழே வைத்தேன்.

"முகத்தில வேதனை காணாது" என்றான்.

"தேத்தண்ணிக்குச் சீனி காணாது" என்றேன்.

"உள்ளதைச் சொன்னால் போதும். நடிக்கவும் தேவையில்லை, கோப்பையை உடைக்கவும் தேவையில்லை" என்றாள் மனைவி. அன்று முழுக்க அவள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். படுக்கப் போகும் முன் செபமாலை சொன்னபோது, என் கைக்காக ஒரு மன்றாட்டும் சேர்த்துக்கொண்டாள். கை சுகமாக வேண்டும் என்று மன்றாடினாளா, சுகமில்லை என்று நான் சொல்ல வேண்டும் என்று மன்றாடினாளா என்பது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

மறுநாள் மூவருமாக ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியில் நடுத்தெருவில் இரண்டு கழுதைகள் விலக மாட்டோம் என்று நின்றன. மைத்துனன் ஹோர்ன் அடித்துக் களைத்தான். மனைவி அவற்றைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

சோதனை அறைக்கு வெளியே மர வாங்கில் எங்கள் தொழிற்சாலையின் சுப்பவைசரும் வந்து இருந்தார். முடிவைக் கேட்டுக்கொண்டு வரும்படி முதலாளி அனுப்பியிருந்தார். "என்ன, கை எப்பிடி?" என்று கேட்டார். "பாருங்கோவன்" என்று அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினேன். எனக்கு உயிர் போகிற வலி. அவர் மகிழ்ச்சியோடு, "அப்ப கெதியா வேலைக்கு வருவியள்" என்றார். மனைவி நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள்.

உள்ளே என்னைத் தனியாகத்தான் கூப்பிட்டார்கள். மருத்துவர் ஓர் இளம் சிங்களப் பெண். எங்கள் பக்கம் வந்து அதிக காலம் இல்லைப்போல. அவருக்கு இரண்டே இரண்டு தமிழ்ச் சொற்கள்தான் நன்றாக வந்தன. ஒன்று "நோகுதா", மற்றது "ஏலுமா". யோசித்துப் பார்த்தால் ஒரு மருத்துவருக்கு அதற்குமேல் என்ன தேவை? மிச்சத்தை மொழிபெயர்க்க உள்ளூர்த் தாதி ஒருத்தி பக்கத்தில் நின்றாள்.

மருத்துவர் என் விரல்களை மடக்கிப் பார்த்தார்.

"நோகுதா?"

"சீச்சீ" என்றேன். கண்ணில் தண்ணீர் வந்தது. தாதி ஒரு துண்டுப் பஞ்சைத் தந்தாள்.

மேசையில் ஒரு நாணயத்தை வைத்து எடுக்கச் சொன்னார். நுனியில் பிடிபடவில்லை. நான் அதை மேசையின் ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு வந்து, கீழே விழ, இடது கையால் ஏந்திக் கொடுத்தேன்.

"ஏலுமா?"

"ஓம் டொக்டர், ஏலும்."

ஒரு போத்தலைத் தந்து மூடியைத் திறக்கச் சொன்னார். போத்தலைக் கமக்கட்டுக்குள் இடுக்கிக்கொண்டு, உள்ளங்கையை மூடிமேல் வைத்து உடம்பையே ஒரு சுற்றுச் சுற்றினேன். மூடி திறந்தது. கொஞ்சம் தண்ணீர் என் சட்டையிலும் கொஞ்சம் தாதியின் சப்பாத்திலும் சிந்தியது.

"ஏலுமா?"

"பாத்தியள்தானே, ஏலும்."

"அண்ணை, உங்களுக்கு என்ன நடந்தது?" என்று தாதி குனிந்து மெதுவாகக் கேட்டாள். "எல்லாரும் இஞ்ச வந்து ஏலாதெண்டு அழுகிறவை. நீங்கள் சர்க்கஸ் காட்டுறியள். கை இப்பிடி இருக்க ஏலுமெண்டு சொன்னால் டொக்டர் என்னத்தை எழுதுறது?"

எனக்கும் விளங்காமல் இல்லை. "ஏலும்" என்று எழுதினால் கிறஷர், "ஏலாது" என்று எழுதினால் படலை. ஆனால் அந்தப் பெண்பிள்ளை கண்ணுக்குக் கண் பார்த்து "ஏலுமா" என்று கேட்கிறபோது, என் நாக்கு என்னைக் கேட்காமலே பதில் சொன்னது. "ஏலாது" என்று சொன்னால் அந்த இடத்திலேயே என்னைத் தூக்கிக் கட்டிலில் போட்டுவிடுவார்கள் என்பதுபோல ஒரு பயம். அவ்வளவுதான் உண்மை.

மருத்துவர் தாதியிடம் ஏதோ கேட்டார். தாதி சொன்னாள்: "சாப்பாடு எந்தக் கையால எண்டு கேக்கிறா."

இதற்காகத்தான் காத்திருந்தேன். "இந்தக் கையாலதான்" என்று தூக்கிக் காட்டினேன். "அதுவும் சூடை மீன். நேத்தும் முள்ளெடுத்துச் சாப்பிட்டனான். ஒரு முள்ளுக் குத்தினதோ? ஏலாத கையெண்டால் சூடை தின்ன ஏலுமோ, நீங்களே சொல்லுங்கோ?"

தாதி மொழிபெயர்க்கத் தொடங்கினாள். அவள் உள்ளூர்க்காரி. சூடை என்றதும் அவளுக்கே ஒரு மரியாதை வந்துவிட்டது. மருத்துவரும் பேனையை எடுத்துவிட்டார். அப்போது கதவுத் திரை விலகியது. என் மனைவி தன் கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி உள்ளே வந்தாள்.

"எழுதாதேங்கோ டொக்டர். அந்த மீனில முள்ளில்லை."

"என்னக்கா, சூடையில முள்ளில்லையோ?" என்றாள் தாதி.

"இருந்தது. நான்தான் எடுத்தனான். ஒவ்வொரு மீனா வயித்தைக் கீறி, நடுமுள்ளை உருவி, சின்ன முள்ளையும் பாத்து எடுத்து, திரும்பப் பொத்தி, முழுமீன் மாதிரிக் குழம்புக்குள்ள அடுக்கி வைக்கிறனான். இந்த மனுசன் அதைத் திண்டுபோட்டு ஊரெல்லாம் போய்க் கை வந்திட்டுதெண்டு சொல்லுது."

எனக்கு முதலில் நம்ப முடியவில்லை. ஆனால் நினைத்துப் பார்த்தால், மாதக்கணக்காக என் தட்டுக்கு வந்த மீன்களில் ஒன்றுக்கும் முதுகெலும்பு இருந்ததாக ஞாபகம் இல்லை. இத்தனை வயதுவரை மீன் தின்று வளர்ந்த எனக்கு அது ஏன் உறைக்கவில்லை என்று மட்டும் கேட்காதீர்கள்.

"சட்டை…" என்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"சட்டைப் பொத்தான் ஓட்டையெல்லாத்தையும் வெட்டிப் பெருப்பிச்சுத் தைச்சு வைச்சிருக்கிறன். அதுதான் பூசை நேரத்தில நெஞ்சு திறந்துகொண்டு நிக்கிறியள். வயிறு வண்டி வைச்சிட்டுதெண்டு நீங்கள் நினைக்கிறியள். பற்பசை மூடியை நான் இறுக்கிறேல்லை. வாளியில பாதித் தண்ணிதான் விடுறனான். படலைக் கொக்கியைக் கழட்டிப்போட்டு நூலால கட்டி வைச்சிருக்கிறன்." அவள் மூச்சு விட்டாள். "டொக்டர், இவருக்கு ஏலாது. இவர் சொல்லமாட்டார். ஏலுமெண்டு எழுதினால் அந்த மெஷினுக்கே திரும்பிப் போவார். போனால் மற்றக் கையையும் விட்டுப்போட்டுத்தான் வருவார். அப்ப நான் எதை எதையெண்டு செய்வன்?"

தாதி மொழிபெயர்க்க மறந்துபோய் நின்றாள். மருத்துவர் அவளைத் தட்டிக் கேட்க, அவள் மீனிலிருந்து நூல்வரை எல்லாவற்றையும் சிங்களத்தில் சொன்னாள். மருத்துவருக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அவர் என் மனைவியைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பேனையை மேசையில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணா, ஏலுமா?"

நான் மனைவியைப் பார்த்தேன். கோபத்தில் நிற்கிறாள் என்று நினைத்திருந்தேன். இல்லை, பயந்துபோய் நின்றாள். என் முகத்தைப் பார்க்காமல் இடது கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள், இனி அதையும் யாரோ எடுத்துவிடப் போகிறார்கள் என்பதுபோல. எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட அவள்மேல் வந்த அன்பு பெரிதாக இருந்தது. அதை அந்த இடத்தில் சொல்ல வசதியில்லை.

"ஏலாது" என்றேன்.

கூரை விழவில்லை. யாரும் எண்ணெய் கொண்டு வரவில்லை. தாதி மட்டும், "கொஞ்சம் சத்தமாப் பிலத்துச் சொல்லுங்கோ அண்ணை" என்றாள்.

"ஏலாது டொக்டர். கொழுக்கி பிடிக்க ஏலாது. கம்பி பிடிச்சனான், காலில விழுந்தது. போத்தல் திறக்க ஏலாது, நீங்கள் பாத்தது கள்ள விளையாட்டு. மடக்கேக்க உயிர் போகுது. பேனை பிடிக்க ஏலாது. பாரம் தூக்க ஏலாது." சொல்லத் தொடங்கியபின் நிறுத்த முடியவில்லை. உள்ளே அடைபட்டுக் கிடந்ததெல்லாம் வரிசையாக வந்தது. "படகில ஏற ஏலாது, வாந்தி வருது."

"அது கையால வந்ததில்லை அண்ணை" என்றாள் தாதி. மருத்துவர் போதும் போதும் என்று கையைக் காட்டிவிட்டு எழுதத் தொடங்கினார்.

வெளியே வந்தபோது சுப்பவைசர் என் முகத்தைப் பார்த்தே விசயத்தை விளங்கிக்கொண்டார். இந்தமுறை கையைக் குலுக்காமல் தோளில் தட்டினார். மைத்துனன் திரைக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். "அந்த 'ஏலாது ஏலாது' எண்ட கட்டத்தில அருமையாச் செய்தியள் அத்தான், நான் பழக்கினது வீண் போகேல்லை" என்றான். நான் மறுக்கவில்லை. ஆட்டோவுக்குக் காசு வாங்காமல் விட்டவனோடு எதற்கு வாதம்?

அதன்பிறகு நடந்ததெல்லாம் கந்தோர்க் காரியங்கள். கடதாசிகள் கொழும்புக்குப் போயின, வந்தன, மறுபடி போயின. விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். "நிரந்தரப் பகுதி இயலாமை" என்று தீர்ப்பாகி, நட்டஈடு வந்தது. முதலாளி சொன்னபடி என்னைப் படலையில் கதிரை போட்டு இருத்தினார். கிறஷர் வாய்க்குப் புதுக் கம்பி மூடியும் ஒருவழியாக வந்து சேர்ந்தது. "பகுதி" என்ற சொல்லை மைத்துனன் இன்னும் விடவில்லை. கலியாண வீட்டில் பந்தியில் என்னைக் கண்டால், "பகுதி வந்திட்டார், பகுதிச் சோறு போடுங்கோ" என்று கத்துவான்.

ஆனால் எனக்கு இன்றைக்கும் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருவது ஆஸ்பத்திரி இல்லை. அன்று வீட்டுக்குத் திரும்பிய மத்தியானம்.

மைத்துனன் எங்களை இறக்கிவிட்டுச் சவாரிக்குப் போய்விட்டான். நான் வழக்கம்போலச் சாப்பாட்டு மேசையில் போய் இருந்தேன். நல்ல பசி. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் மனைவி குசினி வாசலில் வந்து நின்றாள். ஆஸ்பத்திரிக்கு உடுத்திப்போன கோயில் சேலையைக்கூட மாற்றியிருக்கவில்லை.

"இஞ்சேருங்கோ" என்றாள். "எனக்கு ஏலாது."

நான் கதிரை விழ எழும்பினேன். "என்ன செய்யுது? காய்ச்சலோ? நெஞ்சு நோகுதோ? சுவாமியை…"

"ஒண்டுமில்லை. ஏலாது, அவ்வளவுதான். நீங்கள் சொல்லிப்போட்டியள்தானே, இனி நானும் சொல்லலாமெல்லோ?"

பாயை எடுத்து அறைக்குள் விரித்து, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். நான் விழுந்த கதிரையை நிமிர்த்தி வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றேன். சந்தைக்குப் போய், மீன் வாங்கி, நான் கண்டுவிடாதபடி விடிய எழும்பி முள் எடுத்து, பொத்தி, அடுக்கி, துளை பெருப்பித்து, நூல் கட்டி, இதற்குள் என் வீரப் பேச்சையும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் ஒருவன் அந்தச் சொல்லைச் சொல்லாமல் அடைத்துக்கொண்டு இருந்ததால், அந்த வீட்டில் வேறு யாருக்கும் அதைச் சொல்ல இடமிருக்கவில்லை.

பிறகு குசினிக்குள் போனேன். சட்டியில் சூடை கழுவாமல் கிடந்தது. நானும் அந்தச் சூடையும் ஒருவரையொருவர் பார்த்தோம். அதைத் தட்டால் மூடி ஒரு மூலையில் வைத்தேன். சோற்றுக்கு உலை வைத்தேன், பொங்கி அடுப்பை அணைத்தது. மறுபடி மூட்டினேன். வெங்காயம் வெட்டவில்லை, முழுசாகவே போட்டுவிட்டேன். முட்டையில் முள் இல்லை என்பது அப்போதுதான் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று பட்டது. இடது கையால் மூன்று முட்டை உடைத்ததில் கோதும் கொஞ்சம் உள்ளே போனது. பெரிய துண்டுகளை மட்டும் எடுத்தேன்.

தட்டில் சோறும் முட்டையும் போட்டு, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு அறைக்குப் போனேன். "எழும்பு, சாப்பிடு" என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திவிட்டேன். வாயைச் சற்றே திறந்தபடி, சேலைத் தலைப்பைக் கன்னத்தின்கீழ் வைத்துக்கொண்டு அவள் நித்திரையாகியிருந்தாள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து, பட்டப்பகலில் அவள் நித்திரை கொண்டதை நான் அதுவரை கண்டதில்லை.